எல்கடுவ போக்கர் சுற்றுப்போட்டி: வரலாறும் முடிவுகளும், ஒன்று நீங்கலாக

1

நோபர்ட் காலையில் எழுகிறான். விரிப்பை மடிக்கிறான். முகம் கழுவுகிறான். குசினியில் அடுப்பை மூட்டி, சின்னச் சட்டியில் பால் வைக்கிறான். பக்கத்திலேயே நிற்கிறான். பால் விளிம்புக்கு ஏறும்போது இறக்குகிறான். பிறகு தனக்குப் பிளேன்டீ ஊற்றிக் குடிக்கிறான். சட்டை போடுகிறான். தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறான். பாலைப் பக்கத்து வீட்டுப் பூனை குடிக்கிறது.

கதை இங்கே தொடங்கவில்லை. அழகமுத்துவிடம் தொடங்கியது. எல்கடுவ போக்கர் கழகத்தின் செயலாளர் அழகமுத்து, போன மாதம் கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"கிளாக்கரய்யா, தொண்ணூத்தொன்னுல போட்டிய மறுபடி ஆரம்பிக்கிறோம். மலர் ஒன்னு போடணும். வரலாறும் முடிவுகளும் நீங்க எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும். சோகமா வேணாம்."

ஆகவே இது.

(முதலில் "நான்" என்று தொடங்கினான். கை நின்றுவிட்டது. "நோபர்ட்" என்று போட்டால் ஓடுகிறது. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

2

முதல் வரைவு: "மாத்தளை மாவட்டத்தின் விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால்"

இரண்டாம் வரைவு: "போக்கர் என்பது பொறுமையைக் கற்றுத்தரும்"

(பொறுமையை எல்கடுவையில் யாரும் கற்றதாகத் தெரியவில்லை. அடித்துவிட்டான்.)

மூன்றாம் வரைவு, நடந்தது நடந்தபடி. தேயிலைத் தோட்டங்களை அரசு எடுத்தபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பல் ஏறினார். பங்களாவில் ஒரு சீட்டுக்கட்டும், போக்கர் விதிப் புத்தகம் ஒன்றும் மிஞ்சின. புத்தகத்தின் பின்பாதியைக் கறையான் தின்றிருந்தது. எந்தச் சீட்டுச் சேர்க்கை எதை வெல்லும் என்ற பக்கம் அந்தப் பாதியில் இருந்தது.

காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கை தூக்கி வாக்கெடுத்தார்கள். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் பெரும்பான்மை. இரண்டு ராணிகள் எல்லாவற்றையும் வெல்லும் என்று தீர்மானமானது. நான்கு ராசாக்களுக்குக் கடைசி இடம். ஆண்கள் மேன்முறையீடு செய்ய நினைத்தார்கள். யாரிடம் செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

கறையான் தொடாத பக்கத்தில் ஒரு விதி தப்பியிருந்தது. மேசையில் வாயால் சொன்னது நிற்கும். "போடுறேன்" என்றால் போட்டது. "விடுறேன்" என்றால் விட்டது. வாயே திறக்காவிட்டாலும் விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(நல்ல கதாசிரியன் இப்படி வெளிப்படையாகச் சொல்ல மாட்டான். நோபர்ட் கண்டியில் காலேஜ் முடித்த கிளாக்கர்.)

3

பந்தயத்துக்குக் காசு இல்லை. மிளகு சின்னது, கராம்பு நடுத்தரம், சாதிக்காய் பெரியது. மாத்தளை டவுனில் சரக்குக் கடை வைத்திருந்த சாலிஹ் நானா சாக்கோடு கொண்டுவருவார். ஜெயித்தால் சாக்கோடு கொண்டுபோவார். "எனக்கு இது தொழில்" என்று வாதாடி, பதாகையில் "தொழில்முறை" என்ற சொல்லைச் சேர்க்க வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து இது தொழில்முறைச் சுற்றுப்போட்டி. மற்றவர்களுக்கு இரவு முழுக்கத் தும்மல்.

4

முடிவுகள்.

1977: தொழிற்சாலை ஃபிட்டர் ரபாயேல். எதிராளி தன் மிளகை மென்று தின்றுவிட்டு, போட எதுவும் இல்லாமல் தோற்றார்.

1979: மழை. கூரை ஒழுகிச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோப்பை மழைக்குக் கொடுக்கப்பட்டது. அதாவது, வெளியே வைக்கப்பட்டது.

1981: கலேவெலவிலிருந்து பஸ்ஸில் வந்த இருவர். கடைசி வரை அவர்கள் ஓமி என்ற வேறு சீட்டாட்டம்தான் விளையாடினார்கள். பரிசளிப்பின்போதுதான் தெரிந்தது.

1983: நடைபெறவில்லை.

(இதற்கு அடிக்குறிப்பு எழுதினான். கிழித்துவிட்டான்.)

1985, 1986, 1988: மரிய கொறற்றி.

1989:

5

மரிய கொறற்றி நோபர்டின் மனைவி.

(இந்தப் பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று அவனுக்குச் சந்தேகம். மூன்று முறை வென்றவள். அரிசியில் கல் பொறுக்கும் முகத்தோடு இல்லாத ராணியை இருப்பதாகக் காட்டுவாள். சனிக்கிழமை சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லிவிடுவாள். "சாமி, இந்த வாரம் மூனு தடவ ராணி இருக்குன்னு ஏமாத்தினேன்." கூண்டு வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "ஜெயிச்சியாம்மா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.)

அவள் சிரிக்கும்போது

(இல்லை.)

6

1989 இறுதியாட்டம். அந்த வருடம் இருட்டினால் ஊரடங்கு. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆட்டம். பெரியவர்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் சாலிஹ் நானா, எதிரே கொறற்றி. நடுவில் சீட்டுப் போட்டது நோபர்ட்.

கடைசிச் சுற்றில் சாலிஹ் நானா தன் சாதிக்காய் அத்தனையையும் நடுவே தள்ளினார். அவள் முறை. சீட்டைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். நோபர்ட் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். விழுந்தாள். மேசையும் விழுந்தது. சீட்டும் மிளகும் தொட்டில்களுக்கு அடியில் ஓடின.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். வழியில் சோதனைச்சாவடி. சாலிஹ் நானாவின் இடுப்புச் சாரத்து மடியில் சாதிக்காய் கண்டுபிடிக்கப்பட்டது. எப்போது அள்ளினார் என்று அவருக்கே தெரியாது. இது என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். "என் முழு ஆட்டமும், மாத்தயா" என்றார் நானா, சிங்களத்தில், அழுதுகொண்டு. சிப்பாய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு லொறியை விட்டான்.

மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். அவள் மறுபடி பேசவில்லை.

7

நேற்று சாலிஹ் நானாவும் அழகமுத்துவும் நோபர்டின் குவாட்டர்ஸுக்கு வந்தார்கள். 1989க்கு எதிரே ஒரு வரி வேண்டும்.

"ரூல் ரூல்தான் நானா" என்றார் அழகமுத்து. "ஒன்னும் சொல்லாம விழுந்தா விட்டதா அர்த்தம். நீங்கதான் சாம்பியன். கப்பத் தூக்கிட்டுப் போங்க."

"அந்தக் கப்பு எனக்கு வாணாம் செக்கட்ரி. தங்கச்சி 'எல்லாம் போடுறேன்' எண்டு சொன்னா. என்ட காதால கேட்டேன். அவட கையில ரெண்டு ராணி. நான் தோத்தேன் எண்டு எழுதுங்கொ."

"ஒங்க காதா? போன மாசம் லொறி ஹோர்னுக்கே திரும்பல."

"லொறி வேற, போக்கர் வேற."

"ராணிய எங்க பாத்தீங்க?"

"கீழ கெடந்திச்சி."

"நாலு ராணியும் கெடந்துச்சு நானா. மொத்தக் கட்டும் கெடந்துச்சு."

இருவரும் நோபர்டைப் பார்த்தார்கள்.

"கிட்டத்துல இருந்தது நீங்கதான்யா" என்றார் அழகமுத்து. "போடுறேன்னாங்களா, விடுறேன்னாங்களா?"

"வேற ஏதாவது சொல்லியிருந்தா?" என்று கேட்டான் நோபர்ட்.

அழகமுத்து யோசித்தார். "அப்ப ஆட்டம் முடியல. முடியாத ஆட்டம் இருந்தா அடுத்த போட்டி தொடங்க ஏலாது. அதுவும் ரூல்தான்." பிறகு, "அப்படி ஏதும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார், கெஞ்சுவதுபோல.

8

முடிவுகள் மூன்று தயாராக இருக்கின்றன.

ஒன்று. "1989: சாலிஹ்." அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகும். ஊர் ஆடும். நானா அந்தக் கோப்பையை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்.

இரண்டு. "1989: மரிய கொறற்றி." நானா நிம்மதியாகத் தோற்பார். ஊர் ஆடும். ஆனால் மலரில் அச்சானபின், பூசைக்குப் போகிற வழியில் நாலு பேர் சொல்வார்கள்: பாவம், கடைசியா "எல்லாம் போடுறேன்"னு சொல்லிட்டுப் போனா. அழகான சொல். அவள் சொன்னதில்லை. அவளிடமிருந்து மிச்சமிருப்பது, குனிந்து சொன்ன அந்த ஒரு வாக்கியம். அதன்மேல் இன்னொன்றை ஒட்ட நோபர்டுக்குக் கை வரவில்லை.

மூன்று. உண்மையை எழுதுவது. ஆட்டம் முடியவில்லை. அவள் முறை இன்னும் அவளுடையது. எல்கடுவையில் இனி யாரும் சீட்டுப் போட முடியாது.

அழகமுத்து காலையில் அச்சகத்துக்குப் போகிறார். நோபர்ட் 1989க்கு எதிரே இடம் விட்டிருக்கிறான். அதை நிரப்புகிறவர் வாசகர். விதிகள் உங்களுக்குத் தெரியும். மேசையில் சொன்னது நிற்கும். அது மட்டும் மாறாது. சொல்லப்பட்டதைக் கீழே அப்படியே தருகிறான்.

"என்னாங்க, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன். பொங்கிரும், போயி எறக்கிருங்க."