டொரன்டோவிலிருந்து இருபத்தோரு மணி நேரம்

டொரன்டோவிலிருந்து ஹைதராபாத்துக்குப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவே ஓரிடத்தில் மாறி வந்தால் இருபத்தோரு மணி நேரம். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். தம்பி ஜெயராம் அங்கே போன ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தான், அதுவும் தன் கல்யாணத்துக்கு.

செவ்வாய்க்கிழமை விடிகாலை அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. நான் போனை எடுத்ததும் சித்தப்பா வெங்கடகிருஷ்ணன் தடுத்தார்.

"போயிட்டார்னு சொல்லிடாதே, வேதா. சீரியஸ்னு மட்டும் சொல்லு. அவ்வளவு நேரம் பிளைட்ல தனியா உட்கார்ந்து அழுதுண்டு வரணுமா அவன்?"

எங்கள் குடும்பத்தில் இது வழக்கம். வெளியூரில் இருப்பவர்களுக்குச் சாவு எப்போதும் 'சீரியஸ்' என்றுதான் போய்ச் சேரும். கேட்பவர்களுக்கும் உள்ளுக்குள் புரிந்துவிடும். ஜெயராமுக்குப் புரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவன் அவன், மடையன்.

அங்கே அப்போது திங்கள் இரவு. மறுநாள் காலை பிளைட்டில் சீட் இருக்கிறது, புதன் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்றான். அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம் என்று முடிவாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அப்பாக்கு நினைவு இருக்கா?"

"இருக்கு" என்றேன். என் நாக்கு அழுகட்டும்.

"அப்படின்னா ஹம்ஸினியையும் கூட்டிண்டு வரேன். அப்பா அவளை நேர்ல பார்த்ததே இல்லையே. புதன்கிழமை அவ விசா வந்துடும். அன்னிக்கு ராத்திரி பிளைட். வெள்ளிக்கிழமை காலம்பற அங்கே இருப்பேன்."

"நீ மட்டும் முதல்ல வாயேன்டா."

"பேத்தியைப் பார்த்தா எழுந்து உட்கார்ந்துடுவார், பாரேன்."

அந்தச் சந்தோஷத்தை உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன். இது நான் செய்தது. ஜெயராம் பயணத்தைத் தள்ளிப்போட்டதைச் சித்தப்பாவிடமே அன்று இரவுதான் சொன்னேன். அதற்குள் அவன் ஏறியிருக்க வேண்டிய பிளைட் கிளம்பிவிட்டிருந்தது.

சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இனிமே சொல்லி என்ன? வந்தே தெரிஞ்சுக்கட்டும்" என்றார். வெள்ளிவரை தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். புதன் மத்தியானம் எடுத்தோம். ஜெயராம் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் போனேன். ஜெயராம் மூன்று வயதுக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். ஹம்ஸினி என்னைப் பார்த்துக் கைகூப்பி, "நமஸ்காரம், தாத்தா" என்றாள்.

அவன் சிரித்தான். "வழியெல்லாம் சொல்லிக் குடுத்துண்டு வந்தேன். யாரைப் பார்த்தாலும் சொல்றா. ஐசியூக்குள்ள குழந்தையை விடுவாளா, அக்கா?"

"அப்பா செவ்வாய்க்கிழமையே போயிட்டார்டா."

பெட்டியின் மேல் வைத்த கை அப்படியே நின்றது. "எத்தனை மணிக்கு?"

"நான் உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயே."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவன் கிட்டே வந்து, என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.