கூடையில் வளர்ந்தவள்

செத்துப்போன பூரணியின் எடை, 1949ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து, அவள் அம்மா மீனம்மாவின் கொழுந்துக்கூடையில் இருந்தது. இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதை முதலில் கண்டது தராசுதான். கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையை மாட்டினாலும் முள் ஒரு கைக்குழந்தையின் பாரத்தைக் காட்டியது. கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிறகு ஈரத்துக்குக் கழிப்பதுபோல அதையும் கழித்து எழுதத் தொடங்கினார்.

பூரணி, வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பிராவில் காய்ச்சல் கண்டு இறந்தவள். ஆயம்மா ஆள் அனுப்பியபோது மீனம்மா நிறுவைக்கு நின்றிருந்தாள். நிறுக்காமல் போனால் அரைப்பேர், பாதிக் கூலிதான். நிறுத்துவிட்டு ஓடினாள். பிள்ளை ஆறிப்போயிருந்தது. அதன்பின் அந்த வீட்டில் துக்கம் என்றால் பழி போடுவது என்று ஆயிற்று. தகப்பன் வீரய்யா மனைவியைச் சொன்னான். அவள், அன்று சாராயக்கடையில் கிடந்த அவனைச் சொன்னாள். மூத்தவள் அழகம்மா இருவரையும் சொன்னாள். முகம் பார்த்துப் பேசுவது நின்று, எல்லாச் சேதியும் வீட்டு ஆடு வழியாகப் போயிற்று. “ஏ ஆடே, கொழம்புல உப்பு இல்லேன்னு அவகிட்டச் சொல்லு.” “குடிகார நாக்குக்கு உப்பு எங்க தெரியும்னு கேளு, ஆடே.” ஆடு செத்தது. அதைக் கட்டியிருந்த முளையிடம் பேசினார்கள்.

எடை வருடந்தோறும் ஏறியது. தீபாவளிக்கு மறுநாள் பலகாரம் தின்ற அளவு கூடியிருக்கும். பூரணியின் பதின்மூன்றாம் வயதில் ஒரு காலை, கூடை மூலையைவிட்டு அசையவில்லை. மீனம்மாவுக்கு விளங்கியது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை மறைப்பாகக் கட்டி, குறுக்கே உலக்கை போட்டு, தனித் தட்டில் சோறு வைத்தாள். “செத்தவளுக்குச் சடங்கு! எனக்குக்கூட இம்புட்டுச் செய்யல” என்று முளையிடம் கத்திய அழகம்மா, தன் ஒரே நல்ல சேலையை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டு அழுதாள். தாய்மாமன் சோலைமலை பட்டிப்பொலையிலிருந்து ரயிலேறி வந்து சீர் வைத்தார்.

1964இல், ஒரு பனிக் காலையில், மலையேறும் பாதையிலேயே மீனம்மா உட்கார்ந்துவிட்டாள். தலையில் மாட்டிய கூடைக் கயிறு இழுத்ததில் கழுத்து நிமிரவில்லை.

“அத வச்சிட்டு வேற கூட எடுங்கக்கா” என்றார் கங்காணி.

“வச்சா தனியாக் கெடப்பா. அன்னைக்கும் தனியாத்தான் கெடந்தா.”

மேலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வீரய்யா இறங்கி வந்தான். கொழுந்துக்கூடை பெண்கள் மாட்டுவது. ஆண் மாட்டினால் லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்கும். அவன் அவள் முன்னே குனிந்தான்.

“மீனா, கயித்த என் தலைல போடு.”

“விழுத்தாட்டிருவ.”

“இன்னைக்குக் குடிக்கல.”

அவள் கயிற்றை மாட்டினாள். “மெதுவா எந்திரி. அவளுக்குப் பயம்.”

அவன் கவ்வாத்துக் கத்தியை ஊன்றி எழுந்தான். “பொட்டு வச்சிக்கிட்டு வாங்கண்ணே!” என்று கொழுந்துக்காரிகள் சிரித்தார்கள். அவன் அழுதுகொண்டே ஏறினான்.

“இம்புட்டுக் கனமா இருக்காளே, மீனா.”

“வயசுப் புள்ள. இருக்காதா?”

மறுநாளிலிருந்து வீரய்யா, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூடையோடு வந்தான். கவ்வாத்துக்காரனுக்குக் கூடை எதற்கு என்று புதிதாக வந்த தோட்டத்துத் துரை கேட்டார். மகள் என்றார் கணக்கப்பிள்ளை. துரை தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.