பால்வெட்டுப் படம்

நுஸ்கா தன் படங்களை மேசையில் பரப்பியபோது விஜயகலாவுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், படங்கள் அவ்வளவு அழகு. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் மலையில் காலை வெயில் எப்படி விழுமோ, அப்படியே விழுந்திருந்தது. அதுவும் குருவிட்ட டவுனில், மாணிக்கக்கல் வியாபாரி வீட்டில் பிறந்த இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் கையிலிருந்து!

பதினெட்டு வருஷமாகத் தன் சிறுவர் புத்தகங்களுக்குக் கதையும் படமும் விஜயகலாதான். மெல்லிய தாளில் பென்சிலால் வரைவாள். அதைக் கெட்டித்தாள்மீது கவிழ்த்துப் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து ஏற்றி, அதற்கப்புறம் வர்ணம் தீட்டுவாள். ஒரு படத்துக்கு ஒரு வாரம் போகும். ஒன்பது புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. பத்தாவதுக்குக் கொழும்புப் பதிப்பாளர் தொலைபேசியில் குழைந்தார். "கதை ஒங்களோடதுதான் டீச்சர். படம் மட்டும் இந்தத் தடவ நுஸ்கா போடட்டுமே." மட்டுமாம்! சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் படத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

கதை அவளுடைய அம்மா மூக்காயியைப் பற்றியது. முப்பது வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டியவள். அவளைக்கூட இந்தப் பெண்தான் வரைய வேண்டுமா?

ஏழாவது படத்தில் விஜயகலாவின் கண் நின்றது. மரத்தின் வெட்டு வலது பக்கம் உயரத்தில் தொடங்கி, இடது பக்கம் இறங்கியது. தோட்டத்தில் எந்த மரத்திலும் அப்படிக் கிடையாது. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே, அங்கேதான் பால் வடிகிற சிரட்டை. தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி.

"பிழை ஈந்தா சொல்லுங்க டீச்சர்," என்றாள் நுஸ்கா. "மாத்தித் தாறேன். நாளைக்குத்தான் அச்சுக்குப் போகுது."

"ஒரு பிழையும் இல்ல தங்கச்சி. அருமையா இருக்கு."

சொன்னபோது நாக்கு இனித்தது. கதை என்னுடையது, படம் அவளுடையது; சிரிக்கிறவர்கள் படத்தைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியீட்டு விழா தோட்டத்துப் பாடசாலையில் நடந்தது. பிள்ளைகள் நுஸ்காவை மொய்த்துக்கொண்டார்கள். "எனக்கொரு ஆட்டுக்குட்டி வரைஞ்சு தாங்க மிஸ்!" கதையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. விஜயகலா முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு, புத்தகத்தைப் புரட்டுகிறவர்களின் கையில் ஏழாவது படம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது. பால் வெட்டும் கருப்பாயி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "இது என்னம்மா, வெட்டு எதிர்ப்பக்கமா சாயுது? இப்படி வெட்டினா ஐயா எங்கள மலையவிட்டே வெரட்டிருவாரு!" மண்டபம் கொல்லென்று சிரித்தது. விஜயகலாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

நுஸ்கா முகம் சிவந்து எழுந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. விஜயகலாவின் முதல் புத்தகம்.

"ஆறு வயசுல வாப்பா வாங்கித் தந்தது. இதப் பாத்துத்தான் நான் கீறவே பழகினேன். மரத்தையும் இதுல ஈக்கிற மாதிரியே கீறினேன். டீச்சர் கீறினா சரியாத்தானே ஈக்கும்..."

திறந்த பக்கத்தில் விஜயகலாவின் மரம் இருந்தது. வெட்டு வலமிருந்து இடம் இறங்கியது. கவிழ்த்துத் தேய்த்ததில் எல்லாம் பக்கம் மாறியிருந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் அதனால் குறையில்லை, மரத்துக்குத்தான் குறை. அடுத்தவள் படத்தில் ஒரு நொடியில் கண்டதை, தன் படத்தில் பதினெட்டு வருஷமாகக் காணவில்லை.

"டீச்சர்ல பிழை இல்ல," என்று நுஸ்கா அவசரமாகக் கருப்பாயியிடம் சொன்னாள். "நான்தான் மலைக்கு வந்து பாத்திருக்கணும்." வெட்கத்தில் விஜயகலாவால் தலையைத் தூக்க முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூக்காயி மெதுவாகச் சொன்னாள். "ஒன்னோட படத்துல தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும் புள்ள."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"மொத பொஸ்தகம். ஆசையா கொண்டாந்து காட்டுன. அச்சாகி வந்தத சொல்லி என்ன ஆகப்போவுது? ஒம் மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்." மூக்காயி புதுப் புத்தகத்தை மகளின் மடியில் வைத்தாள். "இத நீ பாத்த பெறகுதானே அச்சுக்கு அனுப்பினாங்க? ஒனக்குத் தெரியாத மரமா? நீ ஏன் அந்தப் புள்ளகிட்ட சொல்லல?"