யாரும் ஓட்டாத வண்டி

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், துறையூர்ச் சந்தையில் மாடு கைமாறினால் விற்றவர் வாங்கியவருக்குக் கள் வாங்கித் தருவார். அப்படித்தான் புளியஞ்சோலை வெங்கிடுசாமி தன் மயிலைக் காளையைச் சின்னமுத்துவுக்கு விற்றுவிட்டு, ஒரு கலயம் வாங்கிக் கொடுத்தார். சின்னமுத்து தன் பங்குக்கு இன்னும் இரண்டு கலயம் குடித்தான். வண்டியில் பூட்டி வந்த கிழட்டு மாட்டைச் சந்தையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் மயிலையைப் பூட்டினான்.

“ஏனுங்க, வண்டிய ஓட்டிக்கிட்டுப் போவீங்களா?” என்றார் வெங்கிடுசாமி.

“நா எதுக்குங்க ஓட்டோணும்? கயித்த உட்டுட்டாப் போதும், மாடே ஊடு கொண்டுபோயிச் சேத்திரும். நாம்பாட்டுக்குப் படுத்துக்குவேன்.”

கள்ளுக்கடையே சிரித்தது. அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. அவன் கண்ணை மூடும்போது வெயில் நன்றாக இருந்தது.

அலறல் கேட்டுத்தான் விழித்தான். தன் ஊர் இல்லை. கொல்லிமலை முகத்துக்கு நேரே நின்றது. யாருடைய வாசல் இது? மயிலை, மூச்சு வாங்கியபடி, ஒரு தொழுவத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

போதையில் அவனுக்கு ஒன்று மறந்துபோயிருந்தது, கண்ணுகளா. மயிலைக்குத் தெரிந்தது வெங்கிடுசாமி வீட்டு வழி மட்டும்தான்.

“மயிலை திரும்பி வந்துருச்சுன்னு ஓடுனாளே! கழுத்தக் கட்டிக்கப் போனாளே! கயித்தப் புடிக்க ஒரு கை இல்லியே!” என்று பக்கத்து வீட்டுப் பாவாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

சின்னமுத்து எட்டிப் பார்த்தான். சரிவான வாசலில், சக்கரத்துக்கு அடியில் வெங்கிடுசாமியின் மனைவி குழந்தையம்மாள். கைகால்கள் அசையவில்லை.

“நா இல்லீங்க... மாடுதாங்க...” என்றான். அவன் வாயிலிருந்து வந்த கள் வாடை அவன் மூக்குக்கே நாறியது.

கொஞ்ச நேரத்தில், மனைவிக்கு வாங்கிய பொரியைத் துண்டில் முடிந்துகொண்டு, வெங்கிடுசாமி தெரு முனையில் நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். தன் மாட்டைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், “மாடு ஏன் இங்க வந்துச்சு?” என்று சின்னமுத்துவையே கேட்டார்.

கோர்ட்டில் என்ன பேசுவது என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார்: மாடு மிரண்டுவிட்டது என்று சொல். சின்னமுத்துவும் நூறு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனான். ஆனால் அவனுக்கு முன்னால் சாட்சிக் கூண்டில் ஏறிய வெங்கிடுசாமி, “மொதக் கலயம் நாந்தானுங்க சாமி வாங்கிக் குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் சின்னமுத்துவிடம் திரும்பினார். “மாடு மிரண்டுச்சா? வண்டிய யார் ஓட்டினது?”

“மெரளலீங்க சாமி. யாருமே ஓட்டலீங்க.”

அதுதான் குற்றம் என்றார் மாஜிஸ்திரேட். ஒரு வருஷம் கடுங்காவல்.

போலீஸ்காரர் விலங்கு மாட்டும்போது மனைவி ஆத்தாயி ஓடிவந்தாள். “அந்த மாட்ட நா எங்க கொண்டுபோயிக் கட்டட்டும்? நம்மூட்டுலயா, அவரூட்டுலயா?”

அவள் கை, சற்றுத் தள்ளி நின்ற வெங்கிடுசாமியைக் காட்டியது.