பதினேழாம் குரோமோசோம்

நிருபமா வளர்த்த எலிகளுக்குக் குட்டிப் பருவத்தில் காது நன்றாகக் கேட்டது. வளர வளர எல்லாமே செவிடாயின. அதற்குக் காரணமான ஜீன் எலியின் பதினொன்றாம் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சிக் காலம் முக்கால்வாசி தீர்ந்துபோயிற்று.

அந்த இடத்துக்கு ஈடானது மனிதரின் பதினேழாம் குரோமோசோமில் இருக்கிறது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு குடும்பத்தில் முப்பது வயதுக்குள் பலருக்குக் காது போயிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, காது போன எல்லோரிடமும் பதினேழில் அந்தத் துண்டு ஒரே மாதிரி இருந்தது. நிருபமா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகுதான் அதே குடும்பத்து வீணாவின் ரத்தம் வந்தது. அதே துண்டு அவளிடமும் இருந்தது. நாற்பது தாண்டியவள், கார்மென்ட்ஸில் தையல் வேலை. தனக்கு நன்றாகக் கேட்கிறது என்றாள்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போனா அவங்களுக்கே தெரியாது. டெஸ்ட் பண்ணிப் பாருங்க," என்றார் வழிகாட்டி ரகுராம்.

கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீணா உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வெளியே நின்ற நிருபமா, அவள் விரல் தூக்கக் கூடாது என்று தன் மனம் வேண்டிக்கொள்வதைக் கவனித்தாள். வீணாவுக்குக் கேட்டால் பதினேழு பற்றிய கணக்கு பொய்யாகிவிடும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதல் நிற்கவில்லை.

வீணா ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலைத் தூக்கினாள், மிக மெல்லியதற்கும்கூட.

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல," என்றாள் நிருபமா. "வீட்ல காது போனவங்க எல்லாருக்கும் முப்பதுக்குள்ளயே போயிருக்கு. இனிமே உங்களுக்கு வராதுன்னுதான் நினைக்கறோம்."

வீணா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தர் பொண்ணு கேட்டு வந்தாரு மேடம், அப்போ. நல்ல மனுஷன். எங்க அண்ணன் மாதிரி எனக்கும் ஆயிடும்னு வேணாம்னுட்டேன். தினம் எழுந்ததும் குழாய் சத்தம் கேக்குதான்னுதான் மொதல்ல பாப்பேன்."

நிருபமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ரகுராம், "ஜீன் இருந்தும் சிலருக்கு நோய் வராமப் போகலாமே?" என்றார்.

"எலிகள்ல ஒண்ணுகூடத் தப்பல சார். அவங்க குடும்பத்து ஜீன் வேற எங்கயோ இருக்கு. மத்தவங்ககிட்ட இந்தத் துண்டு ஒத்துப்போனது தற்செயல்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப தீசிஸ்ல மனுஷங்க பகுதிய எடுத்துடுங்க. எலி மட்டும் போதும், பட்டம் வந்துடும்."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொல்லி முடித்துவிடலாம் என்று ஸ்ரீராம்புரம் போனாள். வீணாவின் அண்ணன் இளங்கோவனுக்குத் துளியும் கேட்காது. வீணா கைகளால் சொன்னாள். தங்கைக்கு வராது என்று புரிந்ததும் அவர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிருபமாவிடம் கேட்டார்:

"எங்களுக்கு எதனாலன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"என் பையனுக்குப் பத்து வயசும்மா. மறுபடி தேடுவீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அத்தனை குரோமோசோமையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தபோதே தோள் வலித்தது.

"தேடறேன்," என்று அவர் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னாள்.