வில் யூ பி கமிங்

"நாளைக்கு இந்நேரம் நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருப்பீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்கம்மா" என்று மாயகிருஷ்ணன் சார் கேட்டதும் மதலேனம்மாள் எழுந்து நின்றாள். கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த அந்த சனிக்கிழமை வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபது வயதுக்குள்தான். அவளுக்கு நாற்பத்தாறு. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் பெண்களுக்கு மேற்பார்வை.

"ஐ வில் பி சிட்டிங்."

"எங்கம்மா?"

"வீட்லதான் சார். சும்மா."

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "வாக்கியம் சரிதான்" என்றார்.

வகுப்பு கலைந்ததும் அவள் படியோரம் ஒதுங்கி நின்று கேட்டாள். "சார், கிறிஸ்மஸுக்கு வாறீங்களான்னு ஒருத்தர்ட்ட கேக்கணும். கேட்டா அவுகளுக்குச் சங்கடமா இருக்கக்கூடாது."

சார் கொஞ்சம் யோசித்தார். "வில் யூ கம்னு கேட்டா வாங்கன்னு கூப்பிடுத மாதிரி ஆயிரும். வில் யூ பி கமிங்னு கேளுங்க. உங்க ஏற்பாடு என்னன்னு சும்மா விசாரிக்குததுதான். யாரையும் கட்டாயப்படுத்தாது."

தமிழில் அப்படி ஒரு கேள்வி அவளுக்கு வாய்க்கவில்லை. அக்கா செத்தபோது அவள் மகள் ஆஸ்லினுக்கு மூன்று வயது. தூக்கி வளர்த்து, நர்சிங் படிக்க வைத்து, லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஜோபினுக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருஷமாகிறது. "எப்பம்மா வாரே?" என்று முதல் வருஷம் கேட்டதற்கு ஆஸ்லின் அழுதாள். அடுத்த வருஷம், "நான் என்ன வரமாட்டேன்னா சொல்லுதேன் சித்தி?" என்று சீறினாள். அதற்கப்புறம் இவள் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டால் ஜோபின்தான் எடுக்கிறான். அவனுக்குத் தமிழ் வராது. "ஒர்க், ஆன்ட்டி, ஒர்க்" என்பான். இவள் "ஓகே, ஓகே" என்று வைத்துவிடுவாள்.

மறுநாள் மத்தியானம் பூத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரைச் சுழற்றினாள். அவன்தான் எடுத்தான்.

"வில் யூ பி கமிங் ஃபார் கிறிஸ்மஸ்?"

அந்தப் பக்கம் அவன் சிரித்தான், நல்ல சிரிப்பு. படபடவென்று என்னவோ சொன்னான்.

"ஸ்லோ, தம்பி. ஸ்லோ."

அவன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான். "நோ, ஆன்ட்டி. வீ வில் பி ஸ்டேயிங் ஹியர். மை பேரண்ட்ஸ் வில் பி கமிங் டு அஸ்."

ஒரு சொல்கூடத் தப்பாமல் புரிந்தது. இத்தனை நாளும் அவன் பேசியதில் பாதி புரியாது. புரியாத அந்தப் பாதியில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவாள். இப்போது அவன் சொன்னதில் 'பார்ப்போம்' இல்லை, 'ஒருவேளை' இல்லை. எல்லாம் எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது.

"யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்!" என்றான் அவன், உண்மையான சந்தோஷத்தோடு. "வாட் வில் யூ பி டூயிங், ஆன்ட்டி?"

"ஐ வில் பி…" என்று ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் முறை வருமென்று காத்து நின்றான். "குக்கிங்" என்றாள். "முறுக்கு. அதிரசம்."

"ஓ, நைஸ்!"

தன் ஊர் பசுவந்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை விட்டிருந்தது. பாதையோர உளுந்துப் புஞ்சையில் களை பறித்துக்கொண்டிருந்த சுப்புத்தாய் நிமிர்ந்தாள்.

"ஏட்டி மதலேனு, மக பேசுனாளா?"

"மருமகன்ட்ட பேசுனேன்க்கா."

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதே. என்னத்தப் பேசுனே?"

"எல்லாம் பேசுனோம்."

"பெறகென்ன, இந்த வருசம் வாராகளாமா?"

மதலேனம்மாள் வாயைத் திறந்தாள். தமிழில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "மேகம் கூடுது, நீயும் சீக்கிரம் கெளம்புக்கா" என்று நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் கரிசல் மண் செருப்பின் அடியில் அப்பிக்கொண்டு, காலைத் தூக்கவே முடியவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் கனத்தது. உதறினால் விழுகிற மண்ணா அது? இரண்டையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தபடி, வழுக்கிவிடாமல் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி, ஈரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.