குண்டுக்கு எதற்குச் சட்டை

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை எங்கள் கிளப்பில் சட்டை கழற்றும் நாள். சிரிக்க வேண்டாம், கழற்றுவது குண்டின் சட்டையை.

நாங்கள் சுடுவதெல்லாம் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. குழலைவிடச் சின்னக் குண்டைப் போட்டால் உள்ளே ஆடும், ஆகவே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் செருகி இறக்குவார்கள். சேபோ என்று அதற்குப் பெயர், நாங்கள் சட்டை என்போம். வெடித்ததும் குண்டு தன் வழியே போய்விடும், சட்டை இதழ் விரித்துக் கொஞ்ச தூரத்தில் புல்லில் விழும். மற்ற நாளில் யார் எதைப் போட்டுச் சுட்டாலும் கேள்வியில்லை. செப்டம்பர் எல்க் மான் வேட்டைக்கு மட்டும் கொலராடோவில் சட்டை ஆகாது, குழல் அளவுக்கு வார்த்த வெறும் ஈயம்தான். அதனால் அன்றைக்கு ஒவ்வொருவரும் முதலில் சட்டையோடு சுடுவோம், பிறகு சட்டையில்லாமல். எவ்வளவு வேகம் குறைகிறது என்று வேகமானிப் பெட்டி சொல்லும், அதற்குத் தக்கபடி குறியைத் திருத்திக்கொள்வோம்.

நடுவில் ஒரு பொறுக்கல் உண்டு. நாங்கள் சுடும் மேட்டில் பண்ணைக்காரரின் மாடுகள் மேய்வதால், விழுந்த பிளாஸ்டிக்கை எல்லோரும் குனிந்து பொறுக்க வேண்டும். அதற்கப்புறம் புல்லில் ஒரு சட்டைகூடக் கிடக்கக் கூடாது. கிடந்தால் யாரோ திருட்டாட்டம் ஆடுகிறான் என்று அர்த்தம். ஆடினவனுக்குக் கிளப் வாசல் மூடிவிடும். கிளப் போனால் பண்ணை வழியாக மலைக்குப் போகும் பாதையும் போச்சு, வருஷக்கணக்கில் காத்திருந்து குலுக்கலில் வாங்கிய வேட்டை அனுமதி சும்மா கிடக்க வேண்டியதுதான்.

சட்டை என்றாலே எனக்கு ஆகாது. "குண்டுக்கு எதுக்குய்யா சட்டை? குளிருதா அதுக்கு?" என்று வருஷா வருஷம் கேட்டு எல்லோரையும் வெறுப்பேற்றுவேன். காரணம், என் குண்டை நானே வார்ப்பவன். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் ஒரு சுருக்கம், ஒரு பொத்தல் இருக்காது. ரோடு போடும் வண்டி ஓட்டிய காலத்தில் கிளப்பில் பாதிப் பேர் என் குண்டைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். வெர்லின் ஸ்ட்ரவுட் வார்த்த ஈயம் என்றால் ஒரு மதிப்பு.

இரண்டு வருஷமாக என் கை நடுங்குகிறது. டாக்டர் ஏதோ பெயர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்திச் சுட்டால் நடுக்கம் வெளியே தெரியாது. வெடிமருந்து அளப்பதும் குண்டை இறக்குவதும்தான் முடியவில்லை. அதை என் மனைவி மோரீன் பின்னால் மேஜையில் வைத்துச் செய்து கொடுப்பாள், நான் உட்கார்ந்த இடத்தில் வாங்கிச் சுடுவேன். பிளாஸ்டிக் வாங்குவது, குனிந்து பொறுக்குவது எல்லாமே அவள் வேலை. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அன்றைக்குச் சட்டையோடு எனக்கு நொடிக்கு ஆயிரத்து அறுநூற்று முப்பது அடி வந்தது. பொறுக்கல் முடிந்தது. சட்டையில்லாமல் சுட்டேன். ஆயிரத்து அறுநூறு!

கிளப் தலைவன் தர்மன் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "யோவ் கிழவா, எங்களுக்கெல்லாம் எரநூறு முந்நூறு கொறையுது, உனக்கு மட்டும் எப்படிய்யா?"

"கைடா, கை. இந்தக் கை ஊத்துன ஈயம்டா" என்று நடுங்கும் கையையே தூக்கிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மோரீன் மட்டும் சில்லி என்கிற கறிக்குழம்புப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அடுத்து ஏலாய் ஆர்ச்சுலேட்டா. பள்ளிக்கூடப் பஸ்களுக்கு மெக்கானிக், கிளப்புக்கு இந்த வருஷம்தான் வந்தவன். குழந்தை முகம், யாரிடமும் அதிகம் பேச மாட்டான். சட்டையில்லாமல் சுட்டான். தர்மன் எண்ணை உரக்கப் படித்தான். ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதட்டல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது, அதற்குள் இவனா?

"யார் காதுல பூ சுத்துற? பிளாஸ்டிக் இல்லாம இந்த வேகம் எப்படி வரும்?"

"இது கொஞ்சம் எடை கம்மியான குண்டு சார். அடியில ஒரு வட்டம் கம்பளி வெச்சிருக்கேன், அப்பாவோட பழைய தொப்பிய வெட்டினது. புகை கசியாது. துணிக்குத் தடை இல்லியே சார்."

"தொப்பியாம் தொப்பி! சூனியமே வெச்சேன்னு சொல்லேன்!"

"வெர்லின், விடு" என்றாள் மோரீன். "சில்லி ஆறுது. வா, சாப்பிடலாம்."

"நீ சும்மா இரு!"

"போகாதன்னு சொல்றேன்ல." என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனேன்.

சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு காய்ந்த புல்லுக்குள் இறங்கினேன். அதிக தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் புல்லில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை, அடியில் கரி படிந்து, நாலு இதழும் விரிந்து கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"பாருங்கய்யா! கையும் களவுமா பிடிச்சாச்சு. இதுதான் இவன் அப்பன் தொப்பி!"

எல்லோரும் கூடிவிட்டார்கள். ஏலாய் என் கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான். வாயைத் திறக்கப் போனவன் மூடிக்கொண்டான்.

நானும் அவன் மேஜையைப் பார்த்தேன். அவனுடைய டப்பா திறந்து கிடந்தது. உள்ளே இருந்த சட்டைகள் அத்தனையும் கறுப்பு.

மெதுவாகத் திரும்பினேன். மோரீன் பானைப் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. அவளுடைய பை வாய் பிளந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பொட்டலம், ஆரஞ்சு நிறத்தில்.

என் ஈயத்தை அவள் குழலில் போடவே இல்லை. இரண்டு தடவையும் கடைக் குண்டு, இரண்டு தடவையும் சட்டை. நான் கையைத் தூக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்கியது அதற்குத்தான்.

"ஏலாய், இது உன்னுதா?" தர்மன் கேட்டான்.

"ஆமா" என்றான் ஏலாய். "என்னுதுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று தெரியும், யாருக்காகச் சொல்கிறான் என்றும் தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அப்பாடா, தப்பித்தேன் என்று. சீ! எழுபது வயசு மனுஷன்.

தர்மன் கையை நீட்டினான். "ரூல் தெரியும்ல தம்பி? மெம்பர் அட்டையக் குடு. பண்ணை கேட் சாவியும்."

ஏலாய் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். சாவிக் கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்ற முயன்றான். வளையம் இறுக்கமாக இருந்தது. நகத்தை வைத்து நெம்பினான். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கழட்டாத" என்றேன். அவன் நிறுத்தவில்லை. மறுபடி சொன்னேன். "கழட்டாதடா. அது என் துப்பாக்கியில இருந்து விழுந்தது."

தர்மன் சிரித்தான். "அடப் போய்யா! நீயாவது சட்டை போடுறதாவது! பையன் மேல பாவம் பாக்குறியா?"

நம்பவில்லை, எவனும் நம்பவில்லை. அத்தனை வருஷம் பேசிய பேச்சு அப்படி.

வேறு வழி தெரியவில்லை. மேஜைக்குப் போய் என் ஈயக் குண்டுகள் இருந்த டப்பாவைத் திறந்தேன். மோரீன் ஓடி வந்தாள், வேண்டாம் என்று தலையசைத்தேன். மருந்தை நானே அளந்தேன். பாதி மேஜையில் கொட்டியது, துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். குழல் வாயில் குண்டை வைக்கப் போனால் அது விளிம்பில் மோதிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை, வந்திருந்தால் அழுதிருப்பேன். கடைசியில் வைத்தபோது குண்டு, இறக்கும் கம்பிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அழுத்தி அழுத்தி இறக்க வேண்டிய குண்டு, கிணற்றில் கல் போட்டதுபோல் தானாகவே அடி வரைக்கும் போய் டொக்கென்று நின்றது. இப்படித் தொளதொளக்கும் குண்டு ஆயிரத்து அறுநூறு தந்திருக்காது என்று அதைக் கேட்ட அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. கம்பியை விட்டு ஒரு தடவை அழுத்தி எடுத்துவிட்டு உட்கார்ந்து சுட்டேன்.

தர்மன் எண்ணைப் படிக்கவில்லை.

"படிடா" என்றேன்.

"ஆயிரத்து எண்பது."

கோழியைச் சுடக்கூடப் போதாத வேகம். டப்பாவிலிருந்து இன்னொரு குண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் சுருக்கம், அடியில் பொத்தல். நான்தான் வார்த்தேன், நான்தான் தினமும் பார்த்தேன், என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று இருந்திருக்கிறேன்.

"ஜூலையிலயே சுட்டுப் பாத்தேன்" என்றாள் மோரீன், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாமே இப்படித்தான். இதால மானு சாகாது வெர்லின், காயத்தோட ஓடும். சீசனுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு இருந்தேன். இவங்க எல்லாரும் இருக்கறப்ப வேண்டாம்னு நெனச்சேன்."

தர்மன் ஏலாயிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துத் தோளில் தட்டினான். என் பக்கம் பார்க்கவில்லை. நானே என் அட்டையையும் சாவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏலாய் தன் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"தப்புப் பண்ணிட்டேன்ப்பா. உன் அப்பாவையும் சேத்துப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ."

"சரி சார்."

"நீ எதுக்கு ஒத்துக்கிட்ட? நான் உன்ன அவ்ளோ பேசியும்?"

அவன் டப்பாவை மூடினான். "உங்களுக்காக இல்ல சார்" என்றான். "நீங்க அதத் தூக்கிக் காட்டறப்ப உங்க வீட்டம்மா கையப் பாத்தேன். உங்க கைய விட அதிகமா நடுங்குச்சு."

எனக்குப் பின்னால் மோரீன் பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மூடி பானையின்மேல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை. ஆனாலும் போய்ப் பானையின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டேன்.